நகக் கோளாறுகளைக் கண்டறிதல், பதிவு செய்தல், குறியீடு இடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகத்தில் ஏதோ மாற்றம் என்று வரும் நோயாளிகளுக்குக் குறைவே இல்லை. இருந்தும் பதிவேட்டைப் புரட்டினால் பல இடங்களில் ‘நகச்சொத்தை’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. எந்த விரல், எவ்வளவு காலமாக, எந்த ஆதாரத்தில் என்ற விவரம் இருப்பதில்லை. பிறகு அந்த ஒரு சொல்லே பூஞ்சைத் தொற்றுக்கான குறியீடாகி (ஐ.சி.டி. என்னும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் அந்த நோய்க்குரிய எண்), அந்தக் குறியீடே மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரைக்கும் காரணமாகிவிடுகிறது. மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவக் குறியீட்டாளர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கண்டதை முதலில் எழுத வேண்டும், நோயின் பெயரை ஆதாரம் கிடைத்த பிறகு எழுத வேண்டும், குறியீடு அந்த எழுத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது என்பதே இவ்விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

நகத்தைப் பரிசோதிக்கும்போது எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நோயாளி நீட்டுவது ஒரு விரலைத்தான் என்றாலும் கை, கால் நகங்கள் இருபதையும் பார்த்துவிட வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அதை அகற்றிய பிறகே பரிசோதிக்க வேண்டும். ஒரே ஒரு நகம் மட்டும் மாறியிருந்தால் காயம், தொற்று, கட்டி ஆகியவற்றை முதலில் நினைக்க வேண்டும். பல நகங்கள் ஒரே விதமாக மாறியிருந்தால் தோல் நோய், உடலின் உள்நோய், மருந்து ஆகியவற்றின் பக்கம் கவனம் திரும்ப வேண்டும்.

அடுத்து, மாற்றம் நகத்தின் எந்தப் பகுதியில் உள்ளது என்று பிரித்துப் பார்ப்பது பெரிதும் உதவும். நகத்தட்டு முழுவதும் நகவேரில் உருவாகி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. வேரின் பின்பகுதி தட்டின் மேற்பரப்பையும், பிறை தெரியும் முன்பகுதி தட்டின் அடிப்பரப்பையும் உருவாக்குகின்றன. ஆகவே மேற்பரப்பில் ஊசியால் குத்தினாற்போன்ற குழிகள் தெரிந்தால் கோளாறு வேரின் பின்பகுதியில் உள்ளது. தட்டு தனக்கு அடியிலுள்ள படுகையை விட்டுப் பிரிந்திருந்தாலோ, அடியில் எண்ணெய்த் துளி போன்ற மஞ்சள் கலந்த திட்டு தெரிந்தாலோ கோளாறு நகப்படுகையில் உள்ளது. நகத்தைச் சுற்றிய மடிப்பு சிவந்து வீங்கியிருந்தால் அது நகச்சுற்று. இந்தப் பிரிப்பைப் பதிவிலும் அப்படியே எழுதிவிட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நகத்தோடு நின்றுவிடாமல் முழங்கை, முழங்கால், உச்சந்தலை, வாயின் உட்புறம், கால்விரல் இடுக்குகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சொரியாசிஸ், லைக்கன் பிளேனஸ் என்னும் தோல் நோய்கள், பூஞ்சைத் தொற்று ஆகிய மூன்றுக்கும் தடயம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

தடித்து, மஞ்சளாகி, பொடிந்து உதிரும் நகமெல்லாம் பூஞ்சைத் தொற்றுதானா?

இல்லை. உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழப் பாதிக்கு மட்டுமே பூஞ்சை காரணம் என்பது தோல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மீதிப் பாதியில் சொரியாசிஸ், மீண்டும் மீண்டும் படும் சிறு காயங்கள், இறுக்கமான காலணி, முதுமை, லைக்கன் பிளேனஸ், அரிதாகக் கட்டிகள் ஆகியவை உள்ளன. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தால் இரண்டில் ஒரு நோயாளிக்குத் தவறான பெயரைச் சூட்டும் வாய்ப்பு இருக்கிறது. பூஞ்சைக்குக் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் மாத்திரை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் கைநகத்துக்கு 6 வாரமும் கால்நகத்துக்கு 12 வாரமும் தரப்படுவது. கல்லீரலின் நிலையைக் கவனித்தே தரப்பட வேண்டியது. தேவையில்லாத ஒருவருக்கு அதைத் தொடங்குவதற்கு முன் ஒரு மாதிரி எடுத்துச் சோதிப்பது நோயாளிக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்றே கருதுகிறேன்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் சோதனையின் வெற்றி அடங்கியுள்ளது. நகத்தின் நுனியை மட்டும் வெட்டி அனுப்பினால், அங்கே உயிரற்ற பூஞ்சையும் வெளியிலிருந்து ஒட்டிய கிருமிகளுமே மிகுதியாக இருக்கும். நகத்தை ஆல்கஹாலால் துடைத்து, பிரிந்திருக்கும் தட்டை முடிந்தவரை பின்னோக்கி வெட்டியகற்றி, நோயுற்ற பகுதியும் நலமான பகுதியும் சந்திக்கும் எல்லைக்கு அருகில், தட்டின் அடியில் சேர்ந்திருக்கும் பொடியைச் சிறு சுரண்டியால் எடுக்க வேண்டும். வலி ஏற்படும் இடத்துக்கு முன்புவரை செல்லலாம். பொடி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கலாம். மற்றொரு பகுதியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பலாம். வெட்டிய தட்டைப் பூஞ்சையை நிறமேற்றிக் காட்டும் பி.ஏ.எஸ். சாயமிட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இவற்றில் பி.ஏ.எஸ். முறையே பூஞ்சையைத் தவறவிடாமல் காட்டுவதில் முன்னிற்கிறது. ஆனால் எந்தப் பூஞ்சை என்பதைச் சொல்லக் கல்ச்சர் தேவை; அதன் முடிவுக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

சோதனை முடிவு ‘பூஞ்சை இல்லை’ என்று வந்தால் அந்த நோயை விலக்கிவிடலாமா?

ஒரே ஒரு முடிவை வைத்து விலக்கிவிட முடியாது. நோயாளி ஏற்கெனவே பூஞ்சை மருந்து பூசிக்கொண்டிருந்தாலும், மாதிரி நுனியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தாலும், அளவு போதாமல் இருந்தாலும் பூஞ்சை இருந்தும் தெரியாமல் போகும். தோற்றம் வலுவாகப் பூஞ்சையைச் சுட்டினால் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். எந்த இடத்திலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது, கடைசியாக எப்போது மருந்து பூசப்பட்டது என்ற இரண்டு குறிப்புகளும் பதிவில் இருந்தால் அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது பின்னால் பார்ப்பவருக்குப் புரியும்.

சொரியாசிஸையும் பூஞ்சையையும் நகத்தில் எப்படிப் பிரித்தறிவது?

ஒழுங்கற்ற ஆழமான குழிகள், எண்ணெய்த் துளித் திட்டு, பிரிந்த பகுதியின் விளிம்பில் சிவந்த ஓரம் ஆகியவை சொரியாசிஸின் பக்கம் சாயும். ஒரு காலில் மட்டும் தொடங்கி, விரல் இடுக்கில் தோல் உரிதலோடு சேர்ந்து வருவது பூஞ்சையின் பக்கம் சாயும். இரண்டும் ஒரே நகத்தில் இருக்கவும் கூடும் என்பதால், சொரியாசிஸ் உள்ளவரிடமும் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. நகச் சொரியாசிஸ் உள்ளவர்களிடம் மூட்டுவலி, காலை விறைப்பு பற்றிக் கேட்டு, விடையை எழுதிவைக்க வேண்டும். மூட்டு பாதிப்பு அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சிகிச்சையின் பலனை அளக்க நாப்சி மதிப்பெண் முறை உண்டு. அதில் ஒவ்வொரு நகமும் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வேர் மாற்றத்துக்கு 4, படுகை மாற்றத்துக்கு 4 என 0 முதல் 8 வரை மதிப்பெண் பெறுகிறது.

நகத்தில் நெடுக்குவாட்டில் கருங்கோடு தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய விடை இது. கருநிறத் தோல் உடையவர்களிடம் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். வயது ஏற ஏற அவை கூடும். சில மருந்துகளாலும் பல நகங்களில் கோடுகள் தோன்றும். நம்மைக் கவலைப்படுத்த வேண்டியது, வளர்ந்த ஒருவரிடம் ஒரே விரலில் புதிதாகத் தோன்றிய அல்லது மாறிக்கொண்டிருக்கும் கோடு. அகலம் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருத்தல், நிறம் சீராக இல்லாமை, ஓரம் மங்கலாக இருத்தல், நுனியைவிட வேர்ப்பக்கம் அகன்றிருத்தல், கைப்பெருவிரலிலோ கால்பெருவிரலிலோ இருத்தல், நிறம் நகத்தைத் தாண்டி மடிப்புத் தோலிலும் படர்ந்திருத்தல், மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்றுநோய் நோயாளிக்கோ குடும்பத்திலோ இருந்திருத்தல் ஆகிய அனைத்தும் கேட்டும் பார்த்தும் பதியப்பட வேண்டியவை. மடிப்புத் தோலில் நிறம் படர்வது ஹட்சின்சன் அடையாளம் எனப்படுகிறது. தெளிவான மெல்லிய மடிப்பின் வழியே அடியில் உள்ள நிறம் தெரிவதையும் அதுவென்று மயங்க நேரும் என்பதால், டெர்மோஸ்கோப் என்னும் தோல் உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்ப்பது நல்லது.

அடிபட்டதால் உறைந்த இரத்தமும் கருப்பாகத் தெரியும். அது நகத்தோடு முன்னோக்கி நகரும். சில வாரங்களில் அதன் பின்னால் தெளிவான புது நகம் தெரியும். ஆனால் இரத்தம் இருக்கிறது என்பதாலேயே அடியில் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது; அது நகராமல் நின்றால் மறுபடி ஆராய வேண்டும். நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. ஆறாத நகச்சுற்று, மீண்டும் மீண்டும் இரத்தம் கசியும் சதை வளர்ச்சி, காரணமின்றிப் பிளக்கும் நகம் ஆகியவற்றின் பின்னால் அது மறைந்திருக்கக் கூடும். சிகிச்சைக்குக் கட்டுப்படாத ‘சாதாரண’ நகப் புண்ணைத் திசுப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் தொடரக் கூடாது.

நிறக் கோடு வேரிலிருந்து வருவது. எனவே தட்டை மட்டும் வெட்டி அனுப்பினால் போதாது, வேரிலிருந்து திசு எடுக்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய செயல். பதிவில் கோட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி, அளவுகோல் வைத்த புகைப்படத்தையும் சேர்க்க வேண்டும். ‘கருங்கோடு உள்ளது’ என்ற குறிப்பை வைத்து ஆறு மாதம் கழித்து யாராலும் எதையும் ஒப்பிட முடியாது.

குறியீட்டைப் பொறுத்தவரை, திசுப் பரிசோதனை உறுதி செய்யும்வரை மெலனோமாவுக்குரிய சி 43 தொகுதியைத் தொடக் கூடாது. உறுதியான பின் கைவிரலுக்கு சி 43.6, கால்விரலுக்கு சி 43.7 பொருந்தும். புற்றுநோய்க் குறியீடு ஒருவரின் பதிவில் ஒருமுறை ஏறிவிட்டால் காப்பீடு, வேலை, மனநிம்மதி என எல்லாவற்றையும் அது தொடும்.

குறுக்குவாட்டுக் கோடுகள் எதைச் சொல்கின்றன?

கைநகம் மாதம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், கால்நகம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும் வளர்கின்றன. கடும் காய்ச்சல், பெரிய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றால் வேரின் வேலை சில நாள் தடைப்பட்டால், தட்டில் குறுக்குவாட்டில் ஒரு பள்ளம் விழும். இதை 1846இல் பிரெஞ்சு மருத்துவர் போ விவரித்தார். அவர் பெயராலேயே போ கோடுகள் எனப்படுகிறது. மடிப்பிலிருந்து பள்ளம்வரை அளந்தால் பாதிப்பு எப்போது நடந்தது என்று கணிக்கலாம்: கைநகத்தில் 6 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு. எனவே தூரத்தை எழுதாமல் கோட்டை மட்டும் எழுதுவது பாதிப் பதிவுதான். குறியீடு எல் 60.4.

பள்ளம் இல்லாமல் வெண்ணிறமாக மட்டும் தெரியும் கோடுகள் வேறு வகை. ஆர்செனிக் நஞ்சில் காணப்படும் மீஸ் கோடுகள் தட்டில் இருப்பதால் நகத்தோடு நகரும். இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறையும்போது வரும் முயர்க்கே கோடுகள் படுகையில் இருப்பதால் நகராமல் நிற்கும். நகத்தை அழுத்தினால் மங்கும்.

விரல் நுனி உருண்டு தடிக்கும் கிளப்பிங்கை எப்படி உறுதி செய்வது?

இரு கைகளின் ஒரே விரல்களை, பெரும்பாலும் ஆள்காட்டி விரல்களை, நகங்கள் ஒன்றையொன்று தொடும்படி முதுகோடு முதுகாக வைக்கச் சொல்ல வேண்டும். இயல்பான விரல்களுக்கிடையே வைர வடிவச் சிறு இடைவெளி தெரியும். கிளப்பிங்கில் அது மறைந்துவிடும். இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத், தமக்கு இதய உட்சவ்வு அழற்சி வந்தபோது தம் விரல்களிலேயே கண்டு 1976இல் எழுதிய அடையாளம் இது. பக்கவாட்டில் பார்க்கையில் மடிப்புக்கும் நகத்துக்கும் இடையிலான கோணம் 180 பாகையைத் தாண்டியிருப்பதும் கிளப்பிங்கைக் காட்டும். நுரையீரல், இதயம், கல்லீரல், குடல் நோய்களைத் தேட வேண்டியிருப்பதால் இதை நகக் கோளாறாக மட்டும் பார்க்கக் கூடாது. வகைப்பாடும் அப்படியே கருதுகிறது: இதன் குறியீடு ஆர் 68.3; எல் 60 தொகுதியிலிருந்து இது வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளது.

பதிவில் குறைந்தபட்சம் எவை இருக்க வேண்டும்?

கையா காலா, வலமா இடமா, எந்த விரல் என்பவை முதலில். விரலை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவது பாதுகாப்பானது. ‘இரண்டாம் விரல்’ என்பது ஒருவருக்கு ஆள்காட்டி விரலாகவும், பெருவிரலைச் சேர்க்காமல் எண்ணும் மற்றொருவருக்கு நடுவிரலாகவும் படும். அறுவைச் சிகிச்சை அரங்கில் அந்தக் குழப்பத்துக்கு இடமே தரக் கூடாது. பிறகு எவ்வளவு காலமாக, எப்படித் தொடங்கியது, வலி, தொழில், ஈரத்தில் கை வைக்கும் வேலை, உட்கொள்ளும் மருந்துகள், நீரிழிவு, இரத்த ஓட்டம், இதுவரை செய்த சிகிச்சை. ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கலாம்:

‘வலது கால் பெருவிரல் நகம்: இரண்டு ஆண்டுகளாக மாற்றம். வெளிப்பக்க ஓரத்தில் தட்டு நுனியிலிருந்து பாதி நீளம்வரை படுகையை விட்டுப் பிரிந்துள்ளது. மஞ்சள் கலந்த வெண்மை. அடியில் பொடி சேர்ந்து தடித்துள்ளது. மடிப்பில் சிவப்போ சீழோ இல்லை. நடக்கும்போது வலி உண்டு. மற்ற 19 நகங்கள் இயல்பு. வலது கால் நான்காம், ஐந்தாம் விரல் இடுக்கில் தோல் உரிகிறது. பூஞ்சை மருந்து எதுவும் இதுவரை பயன்படுத்தவில்லை. தட்டின் அடிப்பொடி நலமான பகுதியின் எல்லையிலிருந்து எடுக்கப்பட்டு நுண்ணோக்கிக்கும் கல்ச்சருக்கும் அனுப்பப்பட்டது. எண்ணம்: பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், முடிவு வந்தபின் உறுதி செய்யப்படும்.’

கால்விரல்களுக்குத் தனித்தனிப் பெயர் வழக்கில் இல்லாததால், பெருவிரலிலிருந்து எண்ணுவதாக மருத்துவமனை முழுவதும் ஒரே முறையை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பதிவுக்கு அன்றைய தினம் என்ன குறியீடு இடுவது?

‘இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதியதைக் குறியீட்டாளர் ‘இருக்கிறது’ என்று ஆக்கக் கூடாது. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐ.சி.டி.-10-சி.எம். (ஐ.சி.டி. வகைப்பாட்டின் அமெரிக்க வடிவம்) விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: புறநோயாளர் வருகையில் சந்தேக நிலையிலுள்ள நோயைக் குறியிடாமல், அன்று உறுதியாகத் தெரிந்த அறிகுறியையோ நிலையையோ குறியிட வேண்டும். மேலே கண்ட நோயாளிக்குத் தட்டு பிரிந்திருப்பது உறுதி. ஆகவே எல் 60.1 இடலாம். கல்ச்சரில் பூஞ்சை உறுதியான பிறகு அடுத்த வருகையில் பி 35.1 இட வேண்டும். கேண்டிடா என்னும் பூஞ்சை வகை உறுதியானால் அதற்கு பி 37.2 என்ற தனிக் குறியீடு உண்டு.

எல் 60 தொகுதியில் என்னென்ன உள்ளன?

உள்வளர் நகம் எல் 60.0, தட்டு பிரிதல் எல் 60.1, கொம்புபோல் தடித்து வளைந்த நகம் எல் 60.2, நக உருக்குலைவு எல் 60.3, போ கோடுகள் எல் 60.4, மஞ்சள் நக நோய்த்தொகுப்பு எல் 60.5, பிற குறிப்பிட்ட கோளாறுகள் எல் 60.8, குறிப்பிடப்படாதவை எல் 60.9. பிறவியிலேயே நகம் இல்லாமை, வெண்ணகம் போன்றவை க்யூ 84 தொகுதிக்குச் செல்லும். அடிபட்டு நகம் சேதமானால் கைவிரலுக்கு எஸ் 60.1, கால்விரலுக்கு எஸ் 90.2. சொரியாசிஸ் எல் 40 தொகுதியிலும் லைக்கன் பிளேனஸ் எல் 43 தொகுதியிலும் தேடப்பட வேண்டியவை.

மஞ்சள் நக நோய்த்தொகுப்பு என்ற பெயரைப் பார்த்து, மஞ்சளான நகத்துக்கெல்லாம் எல் 60.5 இடுவது அடிக்கடி நிகழும் பிழை. மஞ்சள் நகம், நிணநீர் வீக்கம், நுரையீரல் பாதிப்பு ஆகியவை சேர்ந்து அறியப்படும் அரிய நோய் அது. மருத்துவர் அந்த நோயின் பெயரையே எழுதியிருந்தால் மட்டும் இட வேண்டும்.

எதற்கும் எல் 60.3 இட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அது தகவலை இழப்பது. உருக்குலைவு என்பது பல நோய்களின் பொதுத் தோற்றம். காரணம் தேடப்பட்டு இன்னும் தெரியாத நிலையில் அக்குறியீடு நேர்மையானது. தட்டு பிரிந்துள்ளது, சதைக்குள் வளர்ந்துள்ளது என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருக்கும்போது அதை இடுவது சரியல்ல. பதிவு தெளிவாக இல்லையென்றால் குறியீட்டாளர் ஊகிக்காமல் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். அந்தக் கேள்வியும் ‘பூஞ்சை என்று எழுதலாமா?’ என்று விடையைத் திணிப்பதாக இல்லாமல், ‘நக மாற்றத்தின் தன்மையையும் காரணத்தையும் குறிப்பிட இயலுமா?’ என்று திறந்த கேள்வியாக இருக்க வேண்டும்.

உள்வளர் நகமும் நகச்சுற்றும் ஒன்றாக இருந்தால்?

இரண்டும் பதிவில் இருந்தால் இரண்டையும் குறியிடலாம். நகச்சுற்று எல் 60 தொகுதியில் சேராது. அது எல் 03.0. அமெரிக்க வடிவத்தில் அது மேலும் பிரிந்து, வலது கால்விரலுக்கு எல் 03.031, இடது கால்விரலுக்கு எல் 03.032 என ஆகிறது. எல் 60.0 குறியீட்டிலோ வலம், இடம் எதுவும் இல்லை. அந்த விவரம் பதிவில் மட்டுமே வாழ்கிறது. அமெரிக்காவில் நகம் அகற்றப்பட்டால் சிகிச்சைக் குறியீடான 11730, வேரோடு நிரந்தரமாக அகற்றினால் 11750, இவற்றுடன் விரலைச் சொல்லும் பின்னொட்டு இடப்படுகிறது: இடது கால் பெருவிரலுக்கு டி.ஏ., வலது கால் பெருவிரலுக்கு டி5. பதிவு ‘வலது’ என்றும் பின்னொட்டு ‘டி.ஏ.’ என்றும் முரண்பட்டால் கட்டணக் கோரிக்கை நிராகரிக்கப்படக் கூடும். அதைவிட, எந்த விரலில் அறுவை நடந்தது என்ற ஐயம் நோயாளியின் பதிவில் நிலைத்துவிடும்.

நாட்பட்ட நகச்சுற்று பற்றி ஒரு சொல்: நீரிலும் சோப்பிலும் ஓயாமல் கை வைப்பவர்களிடம் இது பெரும்பாலும் எரிச்சலால் வரும் தோலழற்சியே. கேண்டிடா அங்கே வளர்ந்திருந்தாலும் மூல காரணம் அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பூஞ்சை மருந்தைவிட, கையை உலர்வாக வைத்திருப்பதும் ஸ்டீராய்டு களிம்பும் கூடுதலாகப் பலன் தருகின்றன.

நக மாற்றத்துக்கு உடலின் உள்நோய் காரணமாக இருந்தால் எதை முதலில் இடுவது?

எல் 62 என்பது வேறிடத்தில் வகைப்படுத்தப்பட்ட நோய்களில் வரும் நகக் கோளாறுகளுக்கானது. அது முதல் குறியீடாக நிற்க முடியாது. மூலநோய் முன்னால் வர வேண்டும். இந்தத் தொடர்பை மருத்துவர்தான் எழுத வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் கரண்டிபோல் குழிந்த நகமும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மருந்தால் வந்த மாற்றத்துக்கும் இதுவே விதி: டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொண்டு வெயிலில் நின்றவருக்கு நகத்தட்டு பிரிந்தால், ‘டாக்சிசைக்ளினால் ஏற்பட்டது’ என்று எழுதியிருந்தால்தான் மருந்தின் பக்கவிளைவுக் குறியீட்டைச் சேர்க்க முடியும்.

சிகிச்சை தொடங்கிய பின் எப்போது மறுமதிப்பீடு செய்வது?

கைநகம் முழுதாகப் புதிதாக வளர ஏறத்தாழ 6 மாதமும், கால் பெருவிரல் நகம் வளர 12 முதல் 18 மாதமும் ஆகும். பன்னிரண்டு வார மாத்திரை முடிந்த நாளில் நகம் இன்னும் மஞ்சளாக இருப்பது தோல்வி ஆகாது. வேர்ப்பக்கத்திலிருந்து தெளிவான நகம் எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்துள்ளது என்பதே அளவுகோல். முதல் வருகையிலேயே நோயுற்ற பகுதியின் எல்லையில் தட்டின் மேல் நுண்ணிய கீறல் ஒன்று இட்டு, மடிப்பிலிருந்து அதன் தூரத்தைத் தேதியோடு எழுதிவைத்தால், அடுத்த வருகையில் கீறல் முன்னேறியிருக்க நோயின் எல்லையும் கூடவே முன்னேறியதா, அதைத் தாண்டிப் பின்னோக்கி வந்துள்ளதா என்று கண்ணால் காணலாம். பின்னோக்கி வந்திருந்தால் மாதிரியை மீண்டும் எடுத்து, நோயின் பெயரையே மறுபடி சோதிக்க வேண்டும்.